சேலம் சிறையில் 22 பேர்: ஓர் ஊர் மறந்ததும் இன்னோர் ஊர் மறக்காததும்

1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் செத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயம் பட்டார்கள். செத்தவர்கள் அத்தனை பேரும் கம்யூனிஸ்டுகள். இந்தியா குடியரசாகி அப்போது 16 நாள்தான் ஆகியிருந்தது.

சேலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் இதைச் சொன்னால், "நம்ம ஜெயில்லயா?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். இடதுசாரிக் கட்சிக்காரர்கள் ஆண்டுதோறும் அந்த நாளில் அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்த வட்டத்தைத் தாண்டி விஷயம் வெளியே வருவதில்லை. ஆனால் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் செங்கொடி ஊன்றிய கிராமங்களுக்குப் போனால் நிலைமையே வேறு. சேலம் என்றால் நமக்கெல்லாம் மாம்பழமும் இரும்பாலையும் வெள்ளிக் கொலுசும். அங்கே உள்ள பெரியவர்களுக்குச் சேலம் என்றால் இந்தச் சிறை.

நடந்தது ஒரே சம்பவம். ரத்தம் சிந்திய ஊரில் அது மறந்துபோய், 300 கிலோமீட்டருக்கு அப்பால் உயிரோடு இருக்கிறது. எந்த வன்முறையை ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகப் பேசுகிறது, எதை மண்ணைப் போட்டு மூடிவிடுகிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல நிகழ்வு நம் பக்கத்தில் இல்லை என்று நினைக்கிறேன்.

மலபார் விவசாயி சேலத்துக்கு எப்படி வந்தார்?

கண்ணூரும் சேர்ந்த இன்றைய வட கேரளம்தான் மலபார். அப்போது அது வேறு மாநிலத்தில் இல்லை. கண்ணூரும் சேலமும் குண்டூரும் ஒரே சென்னை மாகாணம். ஒரு மாவட்டத்தில் தண்டனை பெற்றவரை மாகாணத்தின் எந்தச் சிறைக்கும் அனுப்பலாம். 1862-லிருந்து இயங்கிவரும் சேலம் சிறை பெரிய சிறை. எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

வந்தவர்கள் என்ன குற்றம் செய்தவர்கள் என்பதைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். உலகப் போர் முடிந்த கையோடு அரிசிப் பஞ்சம். 1946 டிசம்பர் 20 அன்று கரிவெள்ளூரில், சிறக்கல் ராஜாவின் பங்கு நெல்லை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோக விடாமல் விவசாயிகள் மறித்தார்கள். இந்த நெல் எங்கள் ஊரிலேயே ரேஷனில் போகட்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. மலபார் சிறப்புப் போலீஸ் சுட்டது, இரண்டு பேர் செத்தார்கள். பத்து நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, காவும்பாயியில் ஜமீனின் மலைக்காட்டில் புனம் வெட்டி, அதாவது காட்டைத் திருத்தி, பயிர் செய்ய உரிமை கேட்டுத் திரண்டவர்கள் மீது சூடு. ஐந்து பேர் செத்தார்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் தண்டனை பெற்றவர்களில் பலர் சேலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். காவும்பாயிப் போராட்டத்தின் முன்னணியில் நின்ற தளியன் ராமன் நம்பியார் அவர்களில் ஒருவர். அங்கே குண்டுக்குத் தப்பியவர் இங்கே சிறைக்குள் செத்தார்.

1948 தொடக்கத்தில் கல்கத்தாவில் கூடிய கம்யூனிஸ்ட் கட்சியின் இரண்டாம் மாநாடு, கிடைத்த சுதந்திரம் பொய், ஆயுதம் ஏந்தி ஆட்சியைக் கவிழ்க்கவேண்டும் என்ற பாதையை எடுத்தது. சென்னை மாகாணத்தில் கட்சி தடை செய்யப்பட்டது, ஆயிரக்கணக்கில் ஆட்கள் உள்ளே போனார்கள். சிறைக்குள்ளும் போராடு என்பதுதான் கட்சி அன்று சொன்னது. இதை ஒளிக்கத் தேவையில்லை. உள்ளே இருந்தவர்கள் பணிந்து போகிறவர்கள் இல்லை. தங்களைத் திருடன், கொலைகாரன் வரிசையில் வைக்கக்கூடாது, அரசியல் கைதி என்று நடத்தவேண்டும் என்று கேட்டார்கள், தினம் தினம் முறைத்தார்கள். அன்றைய முதலமைச்சர் குமாரசாமி ராஜாவின் அரசுக்கு இவர்கள் மீது கொஞ்சமும் பொறுமை இல்லை.

பிப்ரவரி 11 அன்று மோதல் முற்றித் துப்பாக்கி வெடித்தது. கைதிகள் கலகம் செய்தார்கள் என்றது அரசுத் தரப்பு. திட்டம் போட்டுக் கொன்றார்கள் என்றது கட்சி. நான் ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். சிறைக்குள் இருக்கிறவன் அரசின் கைக்காவலில் இருக்கிறவன். நாலு பக்கமும் சுவர், பூட்டிய கதவு, ஓட இடமில்லை. அங்கே 22 பேர் சாகும் அளவுக்கும் நூற்றுக்கு மேல் காயப்படும் அளவுக்கும் சுட்டதை, வார்டர்களின் தற்காப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.  செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மலபாரைச் சேர்ந்தவர்கள். தமிழரும் ஆந்திரரும்கூட இருந்தார்கள்.

சுவருக்கு இந்தப் பக்கம்

அஸ்தம்பட்டியில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் பேச்சு வாக்கில் கேட்டேன். "ஜெயிலுக்குள்ள என்னென்னமோ நடக்குங்க. நமக்கெப்படிங்க தெரியும்?" என்றார். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். ஆனால் இந்த நிகழ்வு மறந்துபோனதற்கான முதல் காரணம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

சந்தையிலோ கோயில் வாசலிலோ தெருமுனையிலோ சூடு நடந்தால் பார்த்தவர் இருப்பார். ஓடி ஒளிந்தவர் இருப்பார். செருப்பை விட்டுவிட்டு ஓடியவர் மறுநாள் வந்து தேடுவார். ஒவ்வொருவரும் தன் வீட்டில் ஒரு கதை சொல்வார், அது பேரன் வரைக்கும் போகும். ஜாலியன்வாலா பாக் நாலு பக்கமும் அடைபட்ட இடம்தான், ஆனால் அமிர்தசரஸ் ஊருக்கு நடுவில் இருந்தது, செத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள், சுற்றுவட்டாரத்தவர்கள். சேலத்தில் பார்த்தவர்கள் இரண்டே வகை: சுட்டவர்கள், சுடப்பட்டவர்கள். சுட்டவர்கள் வேலை பார்க்கிற ஊழியர்கள், வாய் திறக்கமாட்டார்கள். பிழைத்தவர்கள் தண்டனை முடிந்ததும் ரயிலேறி மேற்கே போனார்கள், கதையும் அவர்களோடு போய்விட்டது. சேலம் தெருக்களில் இதை எடுத்துச் சொல்ல விதவையோ தாயோ தம்பியோ இருக்கவில்லை.

அடுத்தது எல்லைக் கோடு. 1953-ல் ஆந்திரம் பிரிந்தது, 1956 நவம்பர் 1 அன்று மலபார் கேரளத்தோடு போனது. ஆறே வருஷத்தில் கொலை நடந்த இடம் ஒரு மாநிலம், செத்தவர்களின் வீடு இன்னொரு மாநிலம் என்றாகிவிட்டது. 1957-ல் கேரளத்தில் கம்யூனிஸ்டுகளே ஆட்சிக்கு வந்தார்கள். தியாகிகளின் பெயரைச் சொல்வதற்கு அங்கே கட்சி, வாசகசாலை, விவசாய சங்கம், கலைக்குழு எல்லாம் இருந்தன. இங்கே? 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் பெரிய எதிர்க்கட்சியாக இருந்த கம்யூனிஸ்டுகளின் இடத்தைக் கொஞ்ச காலத்தில் திராவிட இயக்கம் பிடித்தது. சேலத்தின் அரசியல் பெருமை என்றால் 1944-ல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய மாநாடு. அது நியாயமான பெருமைதான். ஆனால் சேலம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையில் மலபார் விவசாயிக்கு இடம் விழவில்லை.

நம் பக்கத்திலேயே இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது. 1921 நவம்பரில், மலபார் முஸ்லிம்களின் மாப்பிள்ளைக் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களைத் திரூரில் காற்றுப் புகாத சரக்குப் பெட்டியில் அடைத்து ரயிலில் அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது பலர் பிணமாகக் கிடந்தார்கள். மொத்தத்தில் ஏறத்தாழ 70 பேர் மூச்சு முட்டிச் செத்தார்கள். திரூரில் அந்த நினைவாக நகர மண்டபமே இருக்கிறது. போத்தனூர் ஸ்டேஷனில் தினமும் இறங்கி ஏறுகிற எத்தனை பேருக்கு அந்தக் கதவு திறந்த நாளைப் பற்றித் தெரியும்?

சட்டப் புத்தகத்தில் மட்டும்

இன்னோர் இடத்திலும் இந்த நிகழ்வின் நிழல் விழுந்திருக்கிறது, ஆனால் பெயர் இல்லாமல். சூடு நடந்து 18-வது நாள், மார்ச் 1 அன்று, அரசைக் கடுமையாக விமர்சித்த பம்பாயின் இடதுசாரி வார ஏடு 'கிராஸ் ரோட்ஸ்' சென்னை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று தடை போட்டார்கள். அதன் ஆசிரியர் ரமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே 26 அன்று தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்புதான், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் தடுப்புக்காவல் வழக்கில் தீர்ப்பு வந்திருந்தது, அவருக்கு எதிராக. அவரும் மலபார்க்காரர், அவரைப் பிடித்து வைத்திருந்ததும் இதே சென்னை அரசு. அடுத்த வருஷமே நேரு அரசு அரசியல் சட்டத்தை முதல் முறையாகத் திருத்தி, பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு போடும் காரணங்களில் 'பொது ஒழுங்கு' என்பதையும் சேர்த்தது.

சேலம் சட்டக் கல்லூரி மாணவர் இந்த இரண்டு வழக்கையும் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார். அந்த வழக்குகள் பிறந்த அதே வருஷம் பிப்ரவரியில், தன் கல்லூரி இருக்கும் ஊரில் 22 பேர் செத்தது அவருக்கு எந்தப் பாடத்திலும் வருவதில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சின்ன ஊர், பெரிய ஊர், பெட்டிக்குள் இருந்த பிணம்

கீழவெண்மணியை யாரும் மறக்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அது நினைவில் நின்றதற்குக் கொடுமையின் அளவும் பெரிய காரணம், உயர் நீதிமன்றம் 1973-ல் எல்லோரையும் விடுவித்ததும் காரணம். தீராத நீதி ஒரு சம்பவத்தை அணையவிடாது. கூடவே, வெண்மணி சின்ன ஊர். அந்தப் பெயரைச் சொன்னால் வேறு எதுவும் குறுக்கே வராது. 1922-ல் காவல் நிலையம் எரிக்கப்பட்ட வடநாட்டுச் சௌரி சௌராவும் அப்படித்தான். சேலம் மாதிரி பெரிய ஊர் ஒரு துக்கத்தின் பெயராக மாறுவது கஷ்டம். அதன் பெயருக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை இருக்கிறது.

இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சேலம் சூடு நடந்து இரண்டு வருஷம் கழித்து, 1952 ஆகஸ்டில், சென்னையில் ஆளவந்தார் என்ற வியாபாரி கொலையானார். தலையில்லாத உடல் டிரங்குப் பெட்டியில், இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸில் போய் மானாமதுரையில் கண்டுபிடிக்கப்பட்டது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. ஒரே ஒருவர் செத்த வழக்கு அது. இன்றும் வாரப் பத்திரிகைகள் அதைத் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. படிக்கிறோம், நானும் படித்திருக்கிறேன். காரணம் அதில் முடிச்சு இருக்கிறது: பெட்டிக்குள் யார், தலை எங்கே, ஏன் கொன்றார்கள்? சொல்கிறவனுக்கு அவிழ்க்க ஒன்று கிடைக்கிறது. அரசாங்கம் சுட்டால் அவிழ்க்க எதுவும் இல்லை. யார் சுட்டது என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். சரியா தப்பா என்ற சண்டைதான் மிச்சம். அந்தச் சண்டையை யாராவது ஒருத்தர் விடாமல் போடவேண்டும். போடாவிட்டால் விஷயம் ஆறிப்போகிறது.

சரி, முடிச்சு வேண்டாம், ஒரு முகமாவது இருக்கவேண்டும். 1993 ஏப்ரல் 9 அன்று, மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பாதையில், பாலாறு பக்கம் வீரப்பன் ஆட்கள் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். அதே எண்ணிக்கை. போலீஸார், வனத்துறையினர், தகவல் சொல்லக் கூட்டிப்போன ஆட்கள். இது ஊருக்கே தெரியும், ஏனென்றால் இதற்கு ஒரு முகம் இருக்கிறது, அந்த முகத்துக்கு ஒரு மீசை இருக்கிறது. வீரப்பனைப் புதைத்த மூலக்காடு நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த 22 பேரில் ஒருவர் பெயரைச் சொல்லச் சொன்னால்? தெரியாது. பேர் போன வன்முறையிலும் பேர் கொன்றவனுக்குத்தான் போய்ச் சேருகிறது. சிறைச் சூட்டிலோ ஆணையிட்டவர் முகமும் இல்லை, செத்தவர் முகமும் இல்லை. ஒரு கட்டடம் சுட்டது போல ஆகிவிட்டது.

மறக்கலாமா என்ற கேள்வி

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றை எடுத்துக்கொள்ளவேண்டும். எல்லா வன்முறையையும் நினைவில் வைத்திருக்கத்தான் வேண்டுமா?

1882 ஆகஸ்டில் சேலத்தில் பெரிய கலவரம் நடந்தது. செவ்வாய்ப்பேட்டை மசூதி, அந்த வழியாக மேளத்தோடு போகும் சாமி ஊர்வலம், இவற்றைப் பற்றி மூண்ட சச்சரவு முற்றி மசூதி இடிக்கப்பட்டது. தூண்டிவிட்டார் என்று இளம் வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியாருக்குப் பத்தாண்டு தண்டனை விழுந்தது. அவர் மேல்முறையீட்டில் தானே வாதாடி விடுதலையானார், அந்தமானுக்குப் போனவர்களுக்காகவும் மன்றாடினார், பறிபோன நகராட்சி உறுப்பினர் பதவியையும் வழக்குப் போட்டு மீட்டார். பின்னால் 1920-ல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். இன்று அந்தக் கலவரம் அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் ஒரு படியாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. கலவரத்தில் அடிபட்ட முஸ்லிம் குடும்பங்கள், இந்துக் குடும்பங்கள் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்த மறதியில் எனக்குப் பெரிய குறை இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஆடியில் வண்டி வேடிக்கை நடக்கிறது. ஜோடனை வண்டிகள், வேஷம் கட்டிய ஆட்கள், ராத்திரி முழுக்க ஜனம். கடைக்காரர்கள் இரண்டு மதத்திலும் இருக்கிறார்கள், வியாபாரம் நடக்கிறது. 1882-ஐ ஆண்டுதோறும் மேடை போட்டு நினைவுபடுத்தினால் அதனால் லாபம் அடைகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து மறக்கிறார்கள், சேர்ந்து வாழ்வதற்காக. அது அவர்கள் உரிமை. வரலாற்று மாணவர் தோண்டிப் படிக்கட்டும், படிக்கத்தான் வேண்டும். ஊர் அதைத் தோளில் சுமக்கவேண்டியதில்லை.

1950 அப்படியில்லை. அங்கே இரண்டு தரப்பும் சேர்ந்து மறக்கவில்லை. செத்தவர்கள் தரப்பு இன்னும் மறக்காமல் இருக்கிறது, மறந்தது நாம். நம் மறதியால் எந்த அண்டை வீட்டுச் சண்டையும் தணியவில்லை. சிறைக்குள் நடப்பது நமக்கெதற்கு என்ற பழக்கம்தான் பலப்பட்டது. அந்தப் பழக்கத்துக்கு விலை உண்டு.

1992 ஜூன் 20 அன்று, அரூர் பக்கம் வாச்சாத்தியில், சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வந்த வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் மலைவாழ் மக்களின் ஊரையே சூறையாடி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். கைதான பெண்களைக் கொண்டுவந்து அடைத்தது இதே சேலம் சிறையில்தான். அந்தப் பெண்கள் மறக்க மறுத்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துணை நிற்க, சாட்சிக் கூண்டில் ஏறி, அதிகாரிகளை அடையாளம் காட்டினார்கள். 2011-ல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருஷம். வாச்சாத்தி இன்று எல்லோருக்கும் தெரிந்த பெயராக இருப்பதற்குக் காரணம் பாதிக்கப்பட்டவர்களே உயிரோடு இருந்து, அதே மண்ணில் இருந்து, விடாமல் பேசினார்கள் என்பது. 1950-ல் செத்தவர்களுக்காக இந்த மண்ணில் பேச ஆள் இல்லை என்றால், ஊர்தான் பேசவேண்டும்.

என்ன செய்யலாம்?

ஏற்காடு போகிற பாதையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது. ஸ்டுடியோ போய்விட்டது, வளைவு மட்டும் இருக்கிறது, வண்டியை ஓரம் கட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதை இடிக்க விடமாட்டோம் என்று ஊர் நிற்கிறது. நிற்கட்டும். அதே ஊர் சிறையின் வெளிச் சுவரை ஒட்டி ஒரு கல் கேட்கலாம். 22 பெயரும் தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும், ஊர்ப் பெயரோடு, தேதியோடு. கட்சிக் கொடி வேண்டாம், அடைமொழி வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறப் போகிறவர் ஒரு நிமிஷம் நின்று படிக்கும் அளவுக்கு இருந்தால் போதும்.

அதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு அவசரமும் இருக்கிறது. அன்றைய சென்னை அரசின் பழைய கோப்புகளைத் தேடிப் படிக்க எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1950-ல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. அப்பா சேலத்திலிருந்து திரும்பி வரவில்லை என்று சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை அது. பெரியார் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டு, ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் தம்பி தங்கைகள் யாராவது இதை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளம் தெரிந்த நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். மங்களூர் மெயில் சேலத்தில் நிற்கும், ராத்திரி ஏறினால் மறுநாள் காலை கண்ணூர்.